ஒன்பது மணி நேரம் தூங்கியது ஒரு குற்றமா?

கேள்வி:

டாக்டர், எனக்கு 33 வயது. மூத்தவளுக்கு 4 வயது, சின்னவனுக்கு 14 மாதம். போன மாதம் அலுவலகப் பயிற்சிக்காக இரண்டு நாள் வெளியூர் போனேன். சின்னவன் பிறந்த பிறகு நான் தனியாகப் படுத்த முதல் இரவு அது. ஒன்பதரைக்குப் படுத்தவள் காலை ஆறே முக்காலுக்குத்தான் கண் விழித்தேன். நடுவில் ஒரு தடவைகூட எழுந்திருக்கவில்லை. உடம்பு அவ்வளவு லேசாக இருந்தது. திரைச்சீலை வழியாக வந்த வெளிச்சத்தைப் பார்த்துக்கொண்டு கால் மணி நேரம் சும்மா படுத்துக் கிடந்தேன். அதற்கப்புறம்தான் பிள்ளைகள் ஞாபகமே வந்தது. இவ்வளவு நேரம் மறந்தே போய்விட்டோமே என்று அடிவயிற்றில் என்னவோ செய்தது.

ஊர் திரும்பிய அன்று சாயங்காலம் மகளோடு ஒரு தடவைகூடக் கத்தாமல் விளையாடினேன். “அம்மா, இன்னைக்கு நீ நல்லா இருக்கே” என்றாள். அதற்குச் சந்தோஷப்படுவதா, அழுவதா? மூன்றே நாளில் பழையபடி ஆகிவிட்டேன். சின்னவன் இரவில் மூன்று நான்கு தடவை எழுகிறான், பால் கொடுத்தால்தான் மறுபடி தூங்குகிறான். அவன் தூங்கினாலும் எனக்கு இப்போது தூக்கம் வருவதில்லை, அடுத்து எப்போது எழுவானோ என்று காத்துக்கொண்டு படுத்திருக்கிறேன். என் கணவர் “எழுப்பு, நான் பார்த்துக்கறேன்” என்கிறார். ஆனால் அழுகை அவர் காதில் விழுவதே இல்லை. எங்கள் அறைக் கதவு வேறு கிறீச்சிடும். அவனைத் தூங்க வைத்துவிட்டுத் திருடி மாதிரி பக்கவாட்டில் நழுவித்தான் வெளியே வருவேன். பிள்ளைகள் இல்லாத இடத்தில்தான் எனக்கு நிம்மதி என்றால் நான் என்ன அம்மா? அந்த மாதிரி ஒரு தூக்கம் இந்த வீட்டில் எனக்குக் கிடைக்குமா?

- பெயர் வெளியிட விரும்பாத வாசகி

பதில்:

மூன்று நாள் பட்டினி கிடந்தவருக்கு முன்னால் இலையைப் போட்டால், முதல் பத்து நிமிஷம் பக்கத்தில் யார் உட்கார்ந்திருக்கிறார்கள் என்றுகூடப் பார்க்க மாட்டார். அவருக்கு மனிதர்கள் மேல் பாசம் இல்லை என்று யாராவது சொல்வார்களா? உங்கள் கால் மணி நேரமும் அப்படித்தான். அன்று உங்களுக்குக் கிடைத்தது தூக்கம். அந்தச் சமயத்தில் பிள்ளைகள் அங்கே இல்லை, அவ்வளவுதான். இரண்டும் ஒரே அறையில் நடந்ததால் ஒன்றை இன்னொன்றுக்குக் காரணமாக்கிவிட்டீர்கள்.

குழந்தைகள் நல மருத்துவராக இருபது வருடத்துக்கு மேல் ஆகிறது. பிள்ளைக்கு ஊசி போட வரும் அம்மாக்கள் கதவு வரைக்கும் போய்விட்டுத் திரும்பி வந்து, குரலைத் தாழ்த்தி இதே மாதிரி எதையாவது சொல்வார்கள். ஒருவர் பல் பிடுங்கிக்கொள்ளப் போன இடத்தில் நாற்காலியைச் சாய்த்ததும் தூங்கிப்போனார். மரத்துப்போன தாடையோடு எழுந்து வந்து, இந்த மாதத்தில் நான் நன்றாகத் தூங்கியது அங்கேதான் டாக்டர் என்றார். சிரித்துக்கொண்டேதான் சொன்னார், கண்ணில் தண்ணீர் நின்றது.

அந்த ஒரு இரவு ஏன் உங்களை இப்படி உலுக்கியது என்று பார்ப்போம். தூக்கக் குறைவில் ஒரு மோசமான சங்கதி உண்டு: நாளாக ஆக, குறைவு இருப்பதே தெரியாமல் போய்விடும். 2003-இல் பென்சில்வேனியா பல்கலைக்கழகத்தில் ஆரோக்கியமான ஆட்களை இரண்டு வாரம் குறைவாகத் தூங்கவிட்டுச் சோதித்தார்கள். தினமும் ஆறு மணி நேரமோ அதற்கும் குறைவோ தூங்கியவர்களின் கவனமும் செயல்வேகமும் நாளுக்கு நாள் சரிந்து, கடைசியில் இரண்டு இரவு வரை அடியோடு தூங்காதவர்களின் நிலைக்கு வந்துவிட்டது. ஆனால் “தூக்கம் வருகிறதா?” என்று அவர்களைக் கேட்டபோது வந்த பதில், முதல் சில நாளுக்குப் பிறகு பெரிதாக மாறவே இல்லை. பழகிவிட்டது என்று நினைத்துக்கொண்டார்கள். மனசு பழகிக்கொண்டது, மூளை பழகவில்லை.

உங்களுக்கு அது 14 மாதம். கர்ப்பத்தின் கடைசி மாதங்களையும் மூத்தவளின் கைக்குழந்தைக் காலத்தையும் சேர்த்தால் அதற்கு மேலேயே வரும். அவ்வளவு நாளும் “நான் சமாளிக்கிறேன்” என்றுதான் நினைத்திருப்பீர்கள். ஒரு இரவு ஒழுங்காகத் தூங்கி எழுந்ததும் முன்பு எப்படி இருந்தோம் என்பது உடம்புக்கு ஞாபகம் வந்துவிட்டது.

என் கதையும் இருக்கிறது. இரண்டாவது பிள்ளைக்கு எட்டு மாதம் இருக்கும்போது ஒரு கவுன்டர் வரிசையில் நின்றுகொண்டிருந்தேன். பின்னால் இருந்த பெரியவர் மெதுவாக, “குழந்தை தூங்கிடுச்சாம்மா?” என்று கேட்டார். குழந்தையா? அது வீட்டில் இருந்தது. குனிந்து பார்த்தால், கையில் இருந்த ஃபைலை மார்போடு அணைத்து, ஒரு கையால் அதன் முதுகைத் தட்டிக்கொண்டு, இடமும் வலமுமாக ஆடிக்கொண்டிருக்கிறேன். அந்த நிலைமையிலும் யாராவது கேட்டிருந்தால் “நான் நன்றாகத்தான் இருக்கிறேன்” என்றுதான் சொல்லியிருப்பேன்.

இப்போது உங்கள் மகள் சொன்னதற்கு வருகிறேன். கடிதத்தில் நான் திரும்பத் திரும்பப் படித்த வரி அதுதான். “இன்னைக்கு நீ நல்லா இருக்கே.” நான்கு வயதுப் பிள்ளைக்கு யாரையும் குத்திப் பேசத் தெரியாது. கண்ணில் பட்டதைச் சொன்னாள். அவள் பார்த்தது தூங்கி எழுந்த அம்மாவை. 2007-இல் மூளை ஸ்கேன் வைத்துச் செய்த ஒரு சோதனையில், ஒரு இரவு முழுக்கத் தூங்காமல் வந்தவர்களுக்கு மனதை வருத்தும் படங்களைக் காட்டினார்கள். மூளையில் பயம், கோபம் ஆகியவற்றுக்கு மணி அடிக்கிற அமிக்டலா என்ற பகுதி, தூங்கி வந்தவர்களைவிட 60 சதவீதம் அதிகமாகத் துள்ளியது. அதைப் பிடித்து நிறுத்த வேண்டிய நெற்றிப் பக்க மூளைக்கும் அதற்குமான தொடர்பு தளர்ந்திருந்தது. தண்ணீர் டம்ளர் கவிழ்ந்ததற்கு வீடே அதிர்கிற மாதிரி கத்திவிட்டு, அடுத்த நிமிஷமே ‘இதுக்கா இப்படிக் கத்தினோம்’ என்று உட்கார்ந்து அழுகிறோமே, அது பெரும்பாலும் இந்தத் தளர்ந்த பிடியின் வேலை. குணத்தின் மேல் பழி போடுவதற்கு முன்னால் கடிகாரத்தைப் பார்க்க வேண்டும்.

அதனால் அந்தச் சாயங்காலத்தை உங்களுக்கு எதிரான சாட்சியாக வைக்காதீர்கள். அது உங்கள் பக்கத்துச் சாட்சி. தூங்கினால் நீங்கள் எப்படிப்பட்ட அம்மா என்பதை உங்கள் வீட்டிலேயே ஒருத்தி பார்த்துச் சொல்லிவிட்டாள். ‘நான் என்ன அம்மா’ என்ற கேள்விக்கு என்னைவிட அவள் பதில் நம்பகமானது. இனி எப்போதாவது நல்ல தூக்கம் வாய்த்து அதே மாதிரி கால் மணி நேரம் கிடைத்தால், எழுந்து ஓடாமல் வெளிச்சத்தைப் பார்த்துக்கொண்டு படுத்திருங்கள். அனுபவியுங்கள். நீங்கள் சந்தோஷமாகப் படுத்திருப்பதால் பிள்ளைகளுக்கு எதுவும் குறைந்துவிடாது.

சரி, வீட்டுக்கு வருவோம்.

நீங்கள் மொத்தம் எத்தனை மணி நேரம் தூங்குகிறீர்கள் என்று எழுதவில்லை. கூட்டிப் பார்த்தால் ஏழு மணி நேரம்கூட வரலாம். பல கணவன்மார்கள் இந்தக் கணக்கைத்தான் எடுத்துக்கொண்டு வருவார்கள்: “பத்து மணிக்குப் படுத்தா, ஆறரைக்கு எழுந்தா. நடுவுல எழுந்தது மொத்தமே ஒரு மணி நேரம்தானே டாக்டர்?” கூட்டல் சரி. ஆனால் தூக்கம் கூட்டலில் வருகிற பொருள் கிடையாது. 2014-இல் டெல் அவிவ் பல்கலைக்கழகத்தில் இதைச் சோதித்துப் பார்த்தார்கள். ஒரு பிரிவினருக்கு நான்கு மணி நேரம்தான் படுக்கை. இன்னொரு பிரிவினருக்கு எட்டு மணி நேரம், ஆனால் நடுவில் நான்கு தடவை தொலைபேசி அடிக்கும். எழுந்து கணினியில் ஒரு சின்ன வேலையை முடித்துவிட்டு, பத்துப் பதினைந்து நிமிஷத்தில் மறுபடி படுத்துக்கொள்ளலாம். காலையில் இரண்டு பிரிவினரின் மனநிலையும் கவனமும் ஏறக்குறைய ஒரே அளவுக்குக் கெட்டிருந்தன. அதுவும் ஒரே ஒரு இரவில். உங்களுக்கு அந்தத் தொலைபேசி ஒரு வருடத்துக்கு மேலாக அடித்துக்கொண்டிருக்கிறது.

காரணம் இதுதான். பெரியவர்களின் தூக்கம் சுமார் ஒன்றரை மணி நேரச் சுற்றுகளாக ஓடுகிறது. லேசான தூக்கம், ஆழ்ந்த தூக்கம், கனவுத் தூக்கம் எல்லாம் அந்தச் சுற்றுக்குள் வரும். நடுவில் எழுப்பப்பட்டால் விட்ட இடத்திலிருந்து தொடர முடியாது, லேசான தூக்கத்திலிருந்துதான் மறுபடி இறங்க வேண்டும். உடம்பைத் தேற்றுகிற ஆழ்ந்த தூக்கத்தின் பெரும்பகுதி இரவின் முதல் மூன்றில் ஒரு பங்கிலேயே முடிந்துவிடும். விடியும் பக்கம் கனவுத் தூக்கம் அதிகம்.

இதைத் தெரிந்துகொண்டால் உங்கள் வேலை பாதியாகக் குறையும். ஒன்பது மணி நேரத்தைத் துரத்த வேண்டாம். இப்போதைக்கு உங்களுக்கு வேண்டியது நடுவில் யாரும் தொடாத நாலரை மணி நேரம், அதுவும் இரவின் முன்பகுதியில். அது கிடைத்துவிட்டால், அதற்குப் பிறகு இரண்டு தடவை எழ நேர்ந்தாலும் நீங்கள் வேறு ஆளாக எழுவீர்கள்.

ஒன்பதரையிலிருந்து இரண்டு மணி வரை கணவருடைய நேரம். இரண்டிலிருந்து விடியும் வரை உங்களுடையது. அவர் பன்னிரண்டு மணி வரை விழித்திருக்கிற ஆள் என்றால் இது அவருக்கும் சுமையாகத் தெரியாது. இரண்டு மணிக்கு மேல் அவருக்கும் தொடர்ச்சியாக நாலரை மணி நேரம் கிடைக்கும். ஒரே கட்டிலில் படுத்துக்கொண்டு இதைச் செய்யலாம் என்று நினைக்க வேண்டாம், நடக்காது. உங்கள் நேரத்தில் நீங்கள் வேறு அறையில், கதவை மூடிக்கொண்டு, காதில் பஞ்சோ இயர் பிளக்கோ வைத்துக்கொண்டு படுக்க வேண்டும். அறை இல்லாவிட்டால் கூடத்தில் ஒரு மூலை போதும். முதல் நான்கைந்து நாள் அழுகை காதில் விழும், எழுந்து போகத்தான் தோன்றும். வீடு இடிந்தால் ஒழிய எழுப்ப வேண்டாம் என்று கணவரிடம் சொல்லிவைத்துவிட்டுப் படுங்கள்.

“அவர் காதில் விழுவதே இல்லை” என்று எழுதியிருக்கிறீர்கள். உங்கள் கோபம் எனக்குப் புரிகிறது. ஆனால் அவர் நடிக்கிறார் என்று முடிவு கட்டிவிடாதீர்கள். தூங்குகிறவர் மூளை எல்லாச் சத்தத்தையும் ஒரே மாதிரி எடுத்துக்கொள்வதில்லை. 1960-லேயே இதைச் சோதித்திருக்கிறார்கள். தூங்குபவர் பக்கத்தில் பல பெயர்களைச் சொன்னபோது, மற்ற பெயர்களைவிட அவரவர் சொந்தப் பெயருக்குத்தான் மூளை அதிகமாகத் துடித்தது. இது என் தலையில் விழும் வேலை என்று பதிந்துபோன சத்தம்தான் நம்மை எழுப்புகிறது. உங்கள் வீட்டில் 14 மாதமாக அந்த அழுகை உங்கள் பெயரைச் சொல்லித்தான் கூப்பிடுகிறது. நீங்கள் முதல் முனகலிலேயே எழுந்துவிடுவதால் அவர் காதுக்கு வேலையே வந்ததில்லை. குழந்தைக்கு எட்டுகிற தூரத்தில் அவரும், எட்டாத தூரத்தில் நீங்களும் படுத்தால், ஒரு வாரத்தில் அவருக்குக் கேட்க ஆரம்பித்துவிடும். கேட்ட பிறகு அவர் சொல்லப்போவதையும் இப்போதே சொல்லிவிடுகிறேன்: “இவன் தினமும் இவ்வளவு தடவையா எழுறான்?” அப்போது சிரிக்காமல் இருக்க முயற்சி செய்யுங்கள்.

பெற்றோர் தூக்கத்தைப் பற்றி ஜெர்மனியில் ஆயிரக்கணக்கான குடும்பங்களின் தகவலை வைத்து 2019-இல் ஒரு பெரிய ஆய்வு வந்தது. குழந்தை பிறந்த முதல் மூன்று மாதத்தில் அம்மாக்கள் கர்ப்பத்துக்கு முன்பு தூங்கியதைவிடச் சராசரியாக ஒரு மணி நேரம் குறைவாகத் தூங்கினார்கள். அப்பாக்களுக்குக் குறைந்தது கால் மணி நேரம். இந்த வரியை வெட்டி எங்கே ஒட்டுவது என்பது உங்கள் விருப்பம்.

பால் விஷயத்தில் கொஞ்சம் நிதானமாகப் போக வேண்டும். எடையும் வளர்ச்சியும் சரியாக இருக்கிற, பகலில் நன்றாகச் சாப்பிடுகிற 14 மாதப் பிள்ளைக்கு நள்ளிரவுப் பால் பசிக்காகத் தேவைப்படுவதில்லை. (உங்கள் பிள்ளைக்கு இது பொருந்துமா என்று அவனைப் பார்க்கும் மருத்துவரிடம் ஒரு வார்த்தை கேட்டுக்கொள்ளுங்கள்.) அவனுக்கு அது தூக்கத்துக்கான கதவு. ஒவ்வொரு சுற்று முடிவிலும் எல்லாக் குழந்தைகளும் அரைகுறையாக விழிக்கும். பெரியவர்களான நாமும்தான் விழிக்கிறோம், காலையில் ஞாபகம் இருப்பதில்லை. விழித்ததும் சில குழந்தைகள் புரண்டு படுத்துத் தானாகவே தூங்கிவிடும். சில குழந்தைகள், எப்படித் தூங்க ஆரம்பித்தோமோ அதே ஏற்பாடு வேண்டும் என்று ஆளைக் கூப்பிடும். உங்கள் மகன் கூப்பிடுகிற வகை.

தாய்ப்பாலை நிறுத்தச் சொல்லவில்லை. இரண்டு வயது வரையும் அதற்கு மேலும் கொடுக்கலாம், நல்லதுதான். நேரத்தை மட்டும் மாற்றலாம். ஒன்பதரைக்கு நீங்கள் படுக்கப் போகும் முன் ஒரு தடவை, அப்புறம் இரண்டு மணிக்கு மேல் கேட்டால் கொடுங்கள். நடுவில் அப்பாதான். தோளில் போட்டுத் தட்டலாம், இரண்டு வாய் தண்ணீர் கொடுக்கலாம், பக்கத்தில் படுத்து முதுகில் கை வைத்திருக்கலாம். முதல் மூன்று நான்கு இரவு அவன் ஆர்ப்பாட்டம் செய்வான். அப்பாவின் கைக்குள் இருந்துகொண்டு அழுவதும், தனியாக விடப்பட்டு அழுவதும் ஒன்றில்லை. இதை நீங்கள் பக்கத்து அறையில் பல்லைக் கடித்துக்கொண்டு நினைத்துக்கொள்ள வேண்டும். உங்களுக்கும் மார்பு கனத்து வலிக்கும். படுக்கும் முன் பால் கொடுத்த பிறகும் கனமாக இருந்தால் வலி குறையும் அளவுக்கு மட்டும் பீய்ச்சிவிடுங்கள். ஒரு வாரத்தில் உடம்பு கணக்கை மாற்றிக்கொள்ளும். அவனுக்குக் காய்ச்சலோ பல் முளைக்கிற தொந்தரவோ இருக்கிற வாரத்தில் இதைத் தொடங்க வேண்டாம்.

அவனோடு மற்றப் பிள்ளைகளை ஒப்பிடுகிறவர்கள் உங்களைச் சுற்றியும் இருப்பார்கள். என் அறையில் ஒரு அப்பா பெருமையாக, “எங்க பிள்ளை ராத்திரி முழுக்கத் தூங்குது டாக்டர்” என்றார். பக்கத்தில் உட்கார்ந்திருந்த அம்மா ஒன்றும் பேசாமல் மின்விசிறியைப் பார்த்துக்கொண்டிருந்தார். ‘ராத்திரி முழுக்க’ என்பதற்கு மருத்துவத்தில் ரொம்ப நாளாகப் புழங்கிய ஒரு அளவு என்ன தெரியுமா? 1957-இல் வந்த ஒரு பிரிட்டிஷ் ஆய்வில், நள்ளிரவு 12 மணியிலிருந்து காலை 5 மணி வரை எழுப்பாமல் தூங்கினால் அந்தக் குழந்தை இரவுத் தூக்கத்துக்குப் பழகிவிட்டதாகக் கணக்கு வைத்தார்கள். வெறும் ஐந்து மணி நேரம்! 2018-இல் கனடாவில் பார்த்தபோது, ஒரு வயதுக் குழந்தைகளில் ஏறக்குறைய 28 சதவீதம் தொடர்ச்சியாக ஆறு மணி நேரம்கூடத் தூங்கவில்லை. அப்படித் தூங்காததற்கும் வளர்ச்சி பின்தங்குவதற்கும் தொடர்பு எதுவும் அதில் தெரியவில்லை. உங்கள் பிள்ளை நன்றாகத்தான் இருக்கிறான். தூக்கம் தேவைப்படுவது உங்களுக்கு.

இப்போது கடினமான பகுதி. அவன் தூங்கினாலும் உங்களுக்குத் தூக்கம் வரவில்லை என்கிறீர்களே, அது. “பிள்ளை தூங்கும்போது நீயும் தூங்கு” என்ற அறிவுரையை நானும் ஒரு காலத்தில் எல்லோருக்கும் வாரி வழங்கியிருக்கிறேன். எனக்கு இரண்டாவது பிறந்த பிறகுதான் வாயை மூடினேன். ஒன்று தூங்கும்போது இன்னொன்று விழித்திருக்கும். இரண்டும் தூங்கினால் நம் தூக்கம் எங்கோ போய்விட்டிருக்கும். நூறு இரவு முதல் முனகலுக்கு எழுந்த உடம்பு, படுக்கையை ஒரு காவல் மேடையாக எடுத்துக்கொள்கிறது. படுத்ததும் ஓய்வுக்குப் பதில் காவல் தொடங்குகிறது. வெளியூரில் உங்களுக்கு ஒரே மூச்சில் தூக்கம் வந்ததற்குக் காரணம் அங்கே மெத்தை நன்றாக இருந்தது இல்லை. அங்கே உங்களுக்குக் காவல் வேலை இல்லை என்பது உடம்புக்கே தெரிந்திருந்தது.

வீட்டில் அந்தக் காவலை இன்னொருவர் கையில் கொடுத்தால்தான் உடம்பு இறங்கும். ஒன்பதரை மணிக்கு வாய்விட்டே சொல்லிவிட்டுப் போங்கள்: “இனி உங்க பொறுப்பு.” கேட்கச் சின்ன விஷயமாக இருக்கும், வேலை செய்யும். படுக்கையிலிருந்து மணி தெரியாதபடி கடிகாரத்தைத் திருப்பி வையுங்கள். மணி பார்த்தால் மனசு உடனே கழித்தல் கணக்குப் போட ஆரம்பித்துவிடும், இன்னும் மூன்று மணி நேரம், இன்னும் இரண்டு மணி நேரம் என்று. இருபது நிமிஷம் போல ஆகியும் தூக்கம் வரவில்லை என்றால் புரண்டுகொண்டே கிடக்காமல் எழுந்து, மங்கலான வெளிச்சத்தில் சலிப்பான வேலை எதையாவது செய்யுங்கள். துணி மடிக்கலாம். கண் சொருகும்போது திரும்பப் போய்ப் படுங்கள். முதல் சில நாள் இது பைத்தியக்காரத்தனமாகத் தோன்றும், ஆனால் படுக்கை என்றால் விழிப்பு என்று பழகிய உடம்பை மாற்ற இதைவிட நல்ல வழி எனக்குத் தெரியவில்லை.

காபி, டீ குடிப்பவரா என்று தெரியவில்லை. நாள் முழுக்க மூளையில் அடினோசின் என்ற பொருள் சேர்ந்து சேர்ந்துதான் தூக்கத்தைக் கூட்டுகிறது. கஃபீன் அந்த அடினோசின் உட்கார வேண்டிய இடத்தை மறித்துக்கொள்ளும். குடித்ததில் பாதி உடம்பை விட்டுப் போகவே ஐந்து மணி நேரம் போல ஆகும். மதியத்துக்கு மேல் வேண்டாம். அப்புறம் போன். பிள்ளைகள் தூங்கிய பிறகு ‘எனக்கென்று ஒரு மணி நேரம்’ என்று பதினொன்றரை வரை அதைத் தேய்த்துக்கொண்டிருப்பதை நான் குறை சொல்ல மாட்டேன், நாள் முழுக்க உங்களுக்கென்று ஒரு நிமிஷம் கிடைக்காதபோது வேறு என்ன செய்வது? ஆனால் அந்த ஒரு மணி நேரத்தைக் கணவரிடமிருந்து சாயங்காலத்தில் கேட்டு வாங்குங்கள். தூக்கத்திலிருந்து எடுக்காதீர்கள், அங்கே எடுப்பதற்கு ஒன்றும் மிச்சமில்லை.

இரண்டு விஷயத்தில் மட்டும் கண்டிப்பாகச் சொல்கிறேன். கைக்குழந்தையை மடியில் வைத்துக்கொண்டு சோபாவிலோ சாய்வு நாற்காலியிலோ தூங்கிவிடாதீர்கள். முதல் வருடத்தில் இது மிக ஆபத்து. உங்கள் மகன் அந்த வயதைத் தாண்டிவிட்டாலும், இதைப் படிக்கிற வேறு யாருடைய மடியிலாவது இப்போது மூன்று மாதக் குழந்தை இருக்கலாம். இன்னொன்று வண்டி. 17 மணி நேரம் தொடர்ந்து விழித்திருப்பவரின் கவனமும் கைவேகமும், ரத்தத்தில் 0.05 சதவீதம் மது இருப்பவருடைய அளவுக்குக் குறைந்துவிடும் என்று சோதனைகள் காட்டியிருக்கின்றன. மோசமான இரவுக்கு மறுநாள் காலை சாவியை எடுக்கும்போது இது ஞாபகம் இருக்கட்டும். முடிந்தால் அன்று வேறு ஒருவர் ஓட்டட்டும்.

இவ்வளவும் செய்து, காவலும் கைமாறி, அமைதியான அறையில் வாய்ப்புக் கிடைத்தும் இரண்டு வாரத்துக்கு மேல் தூக்கம் வரவில்லை என்றால் காத்திருக்காதீர்கள். முன்பு பிடித்ததில் எல்லாம் மனசு ஒட்டாமல் போவது, காரணமில்லாமல் அழுகை, குழந்தைக்கு ஏதோ ஆகிவிடும் என்று நிற்காமல் ஓடுகிற எண்ணம், ‘நான் இல்லாவிட்டால் இவர்களுக்கு நல்லது’ என்று ஒரு நிமிஷம் தோன்றுவது, இதில் எது இருந்தாலும் நாளைக்கே ஒரு மருத்துவரைப் பாருங்கள். கடைசியாகச் சொன்னது தோன்றினால் நாளை வரைகூட வேண்டாம், அன்றைக்கே யாரிடமாவது வாய்விட்டுச் சொல்லிவிட்டுப் போங்கள். பிரசவத்துக்குப் பிந்தைய மனச்சோர்வு குழந்தைக்கு ஒரு வயது ஆன பிறகும் இருக்கலாம், குணப்படுத்தக்கூடியதுதான். ரத்தசோகையும் தைராய்டும்கூட இப்படிப் போட்டு வாட்டும். ஒரு ரத்தப் பரிசோதனையில் தெரிந்துவிடும். மகள் தூங்கும்போது தினமும் குறட்டை விட்டால் அதையும் சேர்த்துச் சொல்லுங்கள், அது தனியாகப் பார்க்க வேண்டியது.

எப்போது கிடைக்கும் என்று கேட்டீர்கள். நான் சொன்ன நாலரை மணி நேரம் இரண்டு மூன்று வாரத்தில் கிடைத்துவிடும். முழு இரவு, தினமும், யாரும் வந்து தோளைத் தட்டாமல் என்றால் உண்மையைச் சொல்லித்தான் ஆக வேண்டும். அந்த ஜெர்மன் ஆய்வில் முதல் குழந்தை பிறந்து ஆறு வருடம் ஆன பிறகும் பெற்றோரின் தூக்கம் பழைய அளவுக்கு முழுசாகத் திரும்பவில்லை. சின்னவன் எழுவதை நிறுத்தும்போது பெரியவள் கெட்ட கனவோடு வந்து நிற்பாள். ஆனால் அந்த வித்தியாசம் போகப் போகச் சின்னதாகும், நடுவில் நல்ல இரவுகளும் வரும். அப்படி ஒரு இரவு வந்தால், மறுநாள் ‘இனி விடிவுதான்’ என்று நம்பி அதற்கடுத்த இரவில் நொறுங்கிப்போகாதீர்கள். ஒரு நல்ல இரவு ஒரு நல்ல இரவு மட்டும்தான், அதன் மேல் எதையும் கட்ட வேண்டாம். மாதத்தில் ஒரு நாள், வெளியூர்ப் பயிற்சி என்ற காரணம் இல்லாமலே, பாட்டி வீட்டிலோ தோழி வீட்டிலோ போய்த் தூங்கிவிட்டு வாருங்கள். கணவருக்கும் அதே மாதிரி ஒரு நாள் கொடுங்கள்.

இன்றைக்குச் செய்ய வேண்டிய வேலை ஒன்று மிச்சம் இருக்கிறது. அந்தக் கதவு. கீலில் நான்கு சொட்டு எண்ணெய் விட்டு, நாலு தடவை திறந்து மூடச் சொல்லுங்கள். கணவரிடம்தான் சொல்கிறேன்.